நாங்கள் வரும் வரைக்கும் தட்டுங்கள்

மே மாதம் வந்துவிட்டால் தீயணைப்பு நிலையத்தில் தண்ணீர்க் குழாயைவிடப் பேனாவுக்குத்தான் வேலை அதிகம். ஜூனில் பள்ளிகள் திறப்பதற்குள் ஒவ்வொரு கட்டடத்தையும் நேரில் பார்த்து, பன்னிரண்டு கேள்விகளுக்கு எதிரே குறி போட்டு, சான்று கொடுத்தாக வேண்டும். விடுதிகளும் அடுக்குமாடி வீடுகளும் இதற்கு மேல். நான் இந்த வேலைக்கு வந்து முப்பத்தோரு வருஷம் ஆகிறது. பெயர் சிவனணைந்தபெருமாள், சொந்த ஊர் ஸ்ரீவைகுண்டம், நிலைய அலுவலர். பேய் பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய் டீ குடித்துவிட்டு வருகிற ஆள். இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

இந்த வருடாந்திர ஆய்வுக்கு எழுதாத ஒப்பந்தம் ஒன்று உண்டு. நாங்கள் வருகிற தேதி பள்ளிக்கு முன்பே தெரிந்திருக்கும். அன்றைக்கு மட்டும் எல்லாம் சரியாக இருக்கும். சிவப்பு அடித்த மணல் வாளிகள் வரிசையாக நிற்கும். திங்கட்கிழமை புதுக்கோட்டைப் பள்ளியில் பார்த்த நசுங்கின வாளியைப் புதன்கிழமை சாயர்புரத்தில் பார்த்திருக்கிறேன். என்னைவிட அதிகம் ஊர் சுற்றின வாளி அது. வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடக்கிற அவசர வாசலின் பூட்டை அன்று காலையில் கழற்றுவார்கள், மாலையில் திரும்ப மாட்டுவார்கள். 'அவசர வாசல் திறந்துள்ளதா?' என்ற ஏழாவது கேள்விக்கு நான் 'ஆம்' என்று குறி போடுவேன். அன்றைய தேதிக்கு அது பொய் இல்லையே. இப்படித்தான் பல வருஷமாக எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முத்துக்கரைத் தொடக்கப் பள்ளி, கடற்கரைச் சாலையிலிருந்து பிரிகிற ஒரு சந்துக்குள் இருந்தது. ஒரு காலத்தில் அது சங்குக் கிட்டங்கி. கடலில் குளித்து எடுத்த சங்கைச் சதை அழுகும் வரை குவித்து வைத்துக் கழுவின இடம். கீழ்த்தளத்துச் சுவர்கள் கடல்கல்லும் சுண்ணாம்பும், இரண்டு முழம் கனம். அதன் தலையில் இரண்டு மாடியை ஏற்றிப் பச்சை வண்ணம் அடித்துப் பள்ளிக்கூடம் ஆக்கியிருந்தார்கள். எத்தனை பூச்சு பூசினாலும் ஈரக் காற்று அடிக்கிற நாட்களில் அந்தச் சுவரிலிருந்து ஒரு வாடை கசியும்.

போன நவம்பரில் அந்தப் பள்ளியில் ஒரு குழந்தை இறந்துபோனாள். பெயர் ஜஹ்ரா, நாலாம் வகுப்பு. கீழே இன்வெர்ட்டர் பேட்டரி தீப்பிடித்து, முன்படிக்கட்டு வழியாகப் புகை ஏறியது. 'இரண்டாம் மாடிக் கழிப்பறையில் மயங்கிக் கிடந்தாள். மற்றப் பிள்ளைகளோடு இறங்கி வரவில்லை' என்று அறிக்கை எழுதியவன் நான். அது பொய். அவளை எங்கே கண்டெடுத்தோம் என்பது என்னைத் தவிர இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் பள்ளித் தாளாளர் ஜீவமணி. இன்னொருவன் எங்கள் வண்டி ஓட்டுநர் தங்கப்பாண்டி.

ஜஹ்ராவின் உம்மா சக்கீனா மூன்று தடவை எங்கள் நிலையத்துக்கு வந்தாள். புருஷன் துபாயில் வேலை. தனியாக வந்து என் மேஜைக்கு முன்னால் நிற்பாள். "எம் புள்ள சொன்ன பேச்சு கேக்குற புள்ள சார். அன்னைக்கு மட்டும் ஏன் கேக்கல? அத மட்டும் சொல்லுங்க" என்பாள். மூன்று தடவையும் நான் மேஜைக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு அவள் வாடகை வீட்டைக் காலி செய்துகொண்டு சொந்த ஊரான காயல்பட்டினத்துக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். எனக்கு மூச்சு வந்தது. வெட்கம்தான், ஆனால் உண்மை.

இந்த மே மாதம் அந்தப் பள்ளிக்கு மறுபடி சான்று கொடுக்க வேண்டிய முறை வந்தது.

கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு நாள். பதினொன்றேகால் மணிக்கு ஜீப் வாசலில் நின்றது. ஜீவமணி குடையோடு ஓடி வந்தார். அறுபது வயது, வெள்ளைச் சட்டை, பேசும்போது இரண்டு கையையும் பிசைந்துகொண்டே இருப்பார்.

"வாங்க சார், வாங்க. இந்த வெயிலுக்குள்ள வந்திருக்கியளே. மொதல்ல சர்பத் குடிங்க. பேப்பர் எல்லாம் ரெடியா இருக்கு. மேல ஏறி என்னத்தப் பாக்கப் போறிய? போன வருசம் உள்ளதுதான்."

"இந்த வருசம் ஒவ்வொரு மாடியிலயும் நின்னு போட்டோ எடுத்து ஏத்தணும் அண்ணாச்சி. புது ஆபீசர், புது உத்தரவு."

அவர் கை பிசைவதை நிறுத்தினார். "பின்படியிலயுமா?"

"பின்படியிலயுந்தான்."

ஜீவமணி உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். "ஏளா சீனித்தாயி! பின்வாசப் பூட்டத் தொறந்துட்டியா?"

சீனித்தாய் அந்தப் பள்ளியின் ஆயா. விடுமுறையிலும் அங்கேயே தங்கிக் காவலாக இருப்பவள். சமையல்கட்டு வாசலில் நின்றவள் எங்கள் பக்கம் திரும்பாமலே, "காலையிலேயே தொறந்துட்டேன்" என்றாள். மடியில் சாவிக்கொத்தை இறுக்கிப் பிடித்திருந்தாள். எனக்கு அது வினோதமாகப் படவில்லை.

தங்கப்பாண்டியைக் கூப்பிட்டேன். அவன் ஸ்டீயரிங்கை விட்டுக் கையை எடுக்கவில்லை. நவம்பருக்குப் பிறகு அவன் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதே இல்லை. "நீங்க போயிட்டு வாங்க சார். நான் இங்கன இருக்கேன்" என்றான், கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி.

நான் தனியாக ஏறினேன்.

ஆள் இல்லாத பள்ளிக்கூடத்தைப் போல அமைதியான இடம் கிடையாது. வகுப்புகளில் சின்ன நாற்காலிகள் மேஜை மேல் கவிழ்ந்து கிடந்தன. வெளியே எங்கோ துறைமுகத்துக்குப் போகிற லாரியின் ஹாரன். இரண்டாம் மாடியில் நாலாம் வகுப்புச் சுவரில் 'தீ ஏற்பட்டால் என்ன செய்வது?' என்ற படம் இன்னும் தொங்கியது. போன ஜூலையில் நானே கொண்டுவந்து மாட்டியது. அன்று ஒரு மணி நேரம் பாடம் எடுத்தேன். கதவைத் திறப்பதற்கு முன் புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். சுட்டால் திறக்கக் கூடாது, வேறு வழி போக வேண்டும். அந்த வழியும் அடைத்திருந்தால் தரையோடு குனிந்து உட்கார்ந்து, மூன்று மூன்றாகக் கதவைத் தட்ட வேண்டும்.

"எத்தன தடவ தட்டணும் சார்?" என்று முன்வரிசையில் ஒரு சிறுமி எழுந்து கேட்டாள். கையில் சிவக்கச் சிவக்க மருதாணி.

"நாங்க வர்ற வரைக்கும் தட்டு. கண்டிப்பா வருவோம்" என்றேன். எல்லோரும் சிரித்துக் கைதட்டினார்கள்.

அந்தச் சிறுமிதான் ஜஹ்ரா.

நடையின் கடைசியில் பின்படிக்குப் போகிற கதவு இருந்தது. தானாக மூடிக்கொள்ளும்படி ஸ்பிரிங் வைத்த கனமான கதவு. புகை பரவாமலிருக்க நான் எழுதிக் கொடுத்த சிபாரிசு அது. படிக்கட்டுப் பக்கம் கைப்பிடி மாட்ட வேண்டும் என்றும் எழுதியிருந்தேன். மாட்டிவிட்டோம் என்று அவர்கள் பதில் எழுதினார்கள். நான் ஏறிப் பார்க்காமல் அதற்கும் குறி போட்டேன்.

கதவைத் தள்ளித் திறந்தேன். கைப்பிடி இல்லை. நான்கு திருகு ஓட்டைகள் மட்டும் இருந்தன. சாத்திக்கொண்டால் படிக்கட்டுப் பக்கமிருந்து திறக்க வழி கிடையாது.

முன்னெச்சரிக்கையாக நடையில் இருந்த மணல் வாளியை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தேன். இரண்டு படி இறங்கி நின்று, மேலே திரும்பிப் படம் எடுக்கப் போனை உயர்த்தினேன். வாளி மெதுவாகச் சரிந்தது. மேலே நாலு விரல்கடை மணல். அடியில் முழுக்கப் பழைய செய்தித்தாள். காகிதம் பொதபொதவென்று நடையில் சரிவதைப் பார்த்தேன். அது நசுங்கின வாளி. எனக்குப் பழக்கமான வாளி.

கதவு சாத்திக்கொண்டது.

முதலில் எரிச்சல்தான் வந்தது. சரி, கீழ்வாசல் திறந்துதானே இருக்கிறது என்று போன் வெளிச்சத்தில் இறங்கினேன். நான்கு பக்கமும் சுவர். முதல் மாடிக்குப் போகிற வாசலைச் செங்கல் வைத்து அடைத்து, அந்தப் பக்கம் கணினி அறை ஆக்கியிருந்தார்கள். ஜன்னல் கிடையாது. இறங்க இறங்க வெக்கை கூடியது. சட்டை முதுகில் ஒட்டியது.

கீழ்வாசல் இரும்புத் தகடு அடித்த கதவு. புதிதாகப் பச்சை வண்ணம் பூசியிருந்தார்கள். தள்ளினேன். அசையவில்லை. தோளால் இடித்தேன். வெளியே பூட்டு தாழ்ப்பாளில் மோதுகிற சத்தம் கேட்டது.

பூட்டு திறக்கப்படவே இல்லை.

அப்போதுதான் அந்த இடத்தைப் பார்த்தேன். என் இடுப்புயரத்தில், புது வண்ணம் தேய்ந்து, இரும்பு பளபளவென்று தெரிந்தது. ஒரு ரூபாய்க் காசு அகலம். ஒரே இடத்தில் பலநாள் எதுவோ பட்டுப் பட்டுத் தேய்ந்தது போல.

தங்கப்பாண்டிக்குப் போன் போட்டேன். சிக்னல் கோடே இல்லை. இரண்டு முழச் சுவருக்குள் எந்தக் கோடு வரும்? மறுபடி போட்டேன். 'சாதனம் மிகவும் சூடாக உள்ளது' என்று ஒரு வரி வந்தது. திரை அணைந்தது. வெளிச்சமும் போயிற்று.

இருட்டு என்றால் முழு இருட்டு. கதவுக்கு அடியில் மட்டும் நூலளவுக்கு வெயில்.

நான் உள்ளங்கையால் ஓங்கி அடித்தேன். "ஜீவமணி அண்ணாச்சி! ஏ சீனித்தாயி! கதவத் தொறங்க!" என்று கத்தினேன். கொஞ்ச நேரத்தில் வெளியே யாரோ நடந்து வருகிற சத்தம் கேட்டது. கொலுசு இல்லாத, செருப்பு இல்லாத கால். கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது.

"சீனித்தாயி, நாந்தான். பூட்டத் தொற!"

அந்தக் கால்கள் திரும்பி ஓடின. ஒரு நிமிஷத்தில் சமையல்கட்டில் ரேடியோ சத்தம் பெரிதாயிற்று.

எனக்கு அது புரியவில்லை. ஆத்திரம் வந்தது.

மூச்சில் அந்த வாடை ஏறியது. அழுகின சங்குச் சதையின் வாடை. பழைய சுவர், வெயில் காலம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அதன் பின்னாலேயே இன்னொரு நெடி வந்தது. முப்பத்தோரு வருஷத்தில் அந்த நெடி எனக்குத் தப்பாது.

பேட்டரி எரிகிற நெடி.

படிகளைக் கையால் தடவி மேலே ஓடினேன். புறங்கையை மேல்கதவில் வைத்தேன். வைத்த வேகத்தில் எடுத்தேன்.

கதவு சுட்டது.

வெயில் சூடு இல்லை. அடுப்பில் காய்ந்த தோசைக்கல்லின் சூடு. கதவுக்கு அடியில் இருந்த வெளிச்சம் கலங்கிக் கறுத்தது. ஏதோ ஒன்று அந்த இடுக்கு வழியாக உள்ளே வழிந்து என் காலணியைத் தொட்டது.

நான் இறங்கினேன். அதுவும் ஒவ்வொரு படியாக இறங்கியது.

கைக்குட்டையை மூக்கில் கட்டினேன். தரையோடு குனிந்தேன். கீழ்வாசலின் அடி இடுக்கில் முகத்தை வைத்து மூச்சு இழுத்தேன். நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த எல்லாவற்றையும் வரிசை மாறாமல் செய்தேன். கடைசியாக ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

தட்டினேன்.

மூன்று தட்டு. நிறுத்தம். மூன்று தட்டு. நிறுத்தம்.

யாரும் வரவில்லை. கை வலித்தது. மறுபடி மூன்று தட்டித் தலையைக் கதவில் சாய்த்தேன்.

டக். டக். டக்.

அது என் கை இல்லை.

என் கை என் மடியில் இருந்தது. சத்தம் என் காதுக்குப் பக்கத்தில், கதவின் இந்தப் பக்கத்திலிருந்து வந்தது. இடுப்புயரத்தில். வண்ணம் தேய்ந்த அந்த இடத்தில். சின்ன விரல் கணு. அவசரமே இல்லாத தட்டு. பழகின தட்டு.

டக். டக். டக்.

நான் அசையவில்லை. மூச்சு விட்டால் அதற்குக் கேட்டுவிடும் போல இருந்தது. ஈரமாக, மிக லேசாக, மருதாணி வாசனை வந்தது.

"இன்னும் தட்டணுமா சார்?"

குரல் கிசுகிசுப்பாக இருந்தது. புகையில் கரகரத்த குரல். அழுகையோ கோபமோ அதில் இல்லை. வகுப்பில் சந்தேகம் கேட்கிற பிள்ளையின் குரல்தான்.

நான் கைக்குட்டையை மூக்கிலிருந்து இறக்கினேன்.

"நீங்க வந்துட்டியள்ல சார். இனி யாரு வருவா?"

பயத்தைவிட அந்தக் கேள்விதான் என்னை உடைத்தது. நான் அங்கேயே தரையில் முகம் புதைத்து அழுதேன். ஐம்பத்தெட்டு வயது, தோளில் நட்சத்திரம் வைத்த சட்டை, எல்லாம் இருந்தும் குழந்தை மாதிரி அழுதேன்.

"நீ சரியாத்தாம்மா செஞ்ச" என்றேன். "நான் சொன்னபடிதான் செஞ்ச. முன்படியில புகை ஏறியிருக்கும், வேற வழி பாத்து இங்கன வந்த. கதவு பூட்டியிருந்தது. தட்டுன. எனக்குக் கேட்டுச்சு ஜஹ்ரா. அன்னைக்கு எனக்கு நல்லாக் கேட்டுச்சு."

அதுதான் உண்மை. இதுவரை யாரிடமும் சொல்லாத உண்மை. அன்று நாங்கள் முன்பக்கத் தீயை அணைத்துக்கொண்டிருந்தபோது தங்கப்பாண்டி ஓடிவந்து, "பின்னால யாரோ தட்டுறாங்க சார்" என்றான். பிள்ளைகள் எல்லோரும் இறங்கிவிட்டார்கள், தலை எண்ணியாகிவிட்டது என்று ஜீவமணி சொல்லியிருந்தார். பின்வாசல் திறந்திருப்பதாக என் கையெழுத்தே சொன்னது. நானும் நின்று கேட்டேன். மூன்று தட்டு, நிறுத்தம், மூன்று தட்டு. "சூட்டுல தகரம் விரியுற சத்தம்டே" என்று சொல்லி அவனைக் குழாயைப் பிடிக்க அனுப்பினேன். தட்டு நின்ற பிறகுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. பூட்டை வெட்டித் திறந்தபோது அவள் கதவோடு கதவாக உட்கார்ந்திருந்தாள். வலதுகை மடங்கி, கணுக்கள் கன்றிப்போய் இருந்தன.

"எழுதிருதேன்" என்றேன் இருட்டைப் பார்த்து. "நடந்ததை நடந்தபடி எழுதிருதேன். உங்க உம்மாட்ட நானே போய்ச் சொல்லுதேன்."

புகை என் கழுத்து வரை வந்துவிட்டது. என் நெஞ்சு அடைத்தது. குளிர்ந்த சின்னக் கை ஒன்று என் வலதுகையைப் பிடித்தது. விரல்களை மடக்கியது. கதவின் மேல், தேய்ந்த அந்த இடத்தில் கொண்டுபோய் வைத்தது.

நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து தட்டினோம்.

எத்தனை தடவை என்று எனக்குத் தெரியாது. வெளியே இரும்பு இரும்பைக் கடிக்கிற சத்தம் கேட்டது. கதவு திறந்து வெயில் என் மேல் கொட்டியது.

தங்கப்பாண்டி வெட்டுக்கத்திரியோடு நின்றான். என்னை அக்குளில் கைகொடுத்து வெளியே இழுத்துப்போட்டான். எனக்கு இருமல் நிற்கவில்லை. ஆனால் என் பின்னால் படிக்கட்டு சுத்தமாக இருந்தது. புகை இல்லை, நெடி இல்லை. மேலே எதுவும் எரியவும் இல்லை.

"எவ்வளவு நேரம்டே உள்ள கிடந்தேன்?"

அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "நாப்பது நிமிசம் சார்."

நவம்பரில் அவளைக் கண்டெடுக்க எங்களுக்கு ஆன நேரமும் அதுதான்.

"சத்தம் கேட்டவொடனே தொறக்கக் கூடாதாடே?"

"நீங்கன்னு தெரியாது சார்." முதல் முறையாக அவன் என் முகத்தைப் பார்த்தான். "அந்தப் புள்ளன்னுதான் நெனச்சேன். வண்டிய விட்டு எறங்கக் காலு வரல. அப்புறம் ஒண்ணு தோணிச்சு. தகரம்னு சொல்லுததுக்கு இந்தத் தடவ நீங்க வெளிய இல்ல. அதான் கத்திரிய எடுத்துட்டு வந்துட்டேன்."

சீனித்தாய் சுவரோரம் நின்றிருந்தாள். சாவிக்கொத்து இன்னும் அவள் மடியிலேயே இருந்தது.

"என்ன மன்னிச்சிருங்க சார். பூட்டத் தொறக்கல. அந்தக் கதவுகிட்ட நான் போமாட்டேன். தெனமும் பதினொண்ணே முக்காலுக்கு ஆரம்பிக்கும். தட்டும், நிக்கும், தட்டும். காதப் பொத்திக்கிடுவேன், ரேடியோவக் கூட்டி வச்சுக்கிடுவேன். இன்னைக்கும் அதுன்னுதான்..."

"நான் உம் பேரச் சொல்லிக் கத்துனேனே. எங் குரல் தெரியலியா?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

"உங்க குரலு கேக்கவே இல்லியே சார். சின்னப் புள்ள சத்தந்தான் கேட்டுச்சு. கதவத் தொறங்க, கதவத் தொறங்கன்னு."

ஜீவமணி சர்பத் டம்ளரோடு வந்தார். வந்த வேகத்தில் சர்பத் அவர் சட்டையிலேயே கொட்டியது. நான் அதை வாங்கவில்லை. ஜீப்பின் முன்மூடி மேல் படிவத்தை விரித்தேன். ஏழாவது கேள்விக்கு எதிரே 'இல்லை' என்று எழுதினேன். கீழே, நவம்பரில் ஜஹ்ராவை எங்கே கண்டோம், பூட்டை யார் வெட்டினார், தட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றவன் யார் என்று முழுப் பெயரோடு எழுதினேன்.

ஜீவமணி தோளுக்குப் பின்னால் நின்று படித்தார். "சார், பின்வாசலத் தொறந்து போட்டா புள்ளைய கடலப் பாக்க ஓடிருதுவ. அதுக்குத்தான பூட்டுனேன்? வேணும்னா பூட்டுனேன்?" அவர் படிவத்தின் ஓரத்தைப் பிடித்தார். "இத அனுப்பிச்சியன்னா நீங்களும் மாட்டிக்கிடுவிய."

"மாட்டிக்கிட்டுத்தான் வாரேன் அண்ணாச்சி" என்றேன்.

தாளை உறையில் போட்டுப் பள்ளியிலிருந்து நேராகப் போய் மாவட்ட அலுவலகத்தில் கொடுத்தோம். வாங்கிய எழுத்தர் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். வேலை போகலாம், வழக்கு வரலாம். வெளியே வந்தபோது அதெல்லாம் எனக்கு வேறு யாருடையதோ பிரச்சினை போல இருந்தது. செய்ய வேண்டியதில் இன்னும் ஒன்று பாக்கி இருந்தது.

"காயல்பட்டினம் போலாமா?" என்றேன். தங்கப்பாண்டி ஏற்கெனவே அந்தப் பக்கம்தான் வண்டியைத் திருப்பியிருந்தான்.

மாலை அஸர் தொழுகைக்கு அழைக்கிற நேரத்தில் ஊருக்குள் நுழைந்தோம். ஜீப் போகாத குறுகின முடுக்கு. இரண்டு பக்கமும் உயர்ந்த வெள்ளைச் சுவர்கள். தங்கப்பாண்டி தெருமுனையில் நின்றுகொண்டான். சக்கீனாவின் புருஷன் பெயரைச் சொல்லி முஆத் வீடு என்று கேட்டதும் ஒரு பெரியவர் கடைசி வாசலைக் காட்டினார். பழைய இரட்டைக் கதவு, சாத்தியிருந்தது. முடுக்கில் காற்றில்லை. ஆள் இல்லை.

என்ன சொல்வது, எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது அத்தனையும் மறந்துபோயிற்று. கையைத் தூக்கினேன். விரல் கணு இன்னும் கதவில் படவில்லை.

டக். டக். டக்.

உள்ளேயிருந்து.

என் இடுப்புயரத்தில்.

தூக்கிய கை அப்படியே நின்றது. பிறகு கையைத் திருப்பி, புறங்கையால் கதவை மெல்லத் தொட்டேன். சுடவில்லை. மரம் குளிர்ந்திருந்தது.

வீட்டின் கோடியிலிருந்து சக்கீனாவின் குரல் கேட்டது. "வாரேன், வாரேன். யாரு?" காலடிச் சத்தம் தூரத்திலிருந்து நடையைக் கடந்து வாசலுக்கு வந்தது. கதவு பாதி திறந்தது. துப்பட்டியைத் தலைக்கு இழுத்துவிட்டபடி அவள் என்னைப் பார்த்தாள். அடையாளம் தெரிந்ததும் முகம் இறுகியது. அந்தரத்தில் நிற்கிற என் கையைப் பார்த்தாள்.

"நீங்களா தட்டுனது?"

பொய் சொல்ல ஒரு 'ஆமாம்' போதும். எத்தனையோ கட்டங்களில் குறி போட்ட கைதான் இது.

"இல்லம்மா" என்றேன். "நான் தட்டல. உங்க மக. அன்னைக்கும் அவதான் தட்டுனா. பூட்டுன கதவுக்குப் பின்னால உக்காந்து, நான் சொல்லிக்குடுத்தபடி தட்டுனா. உங்க புள்ள சொன்ன பேச்சக் கேட்டாம்மா. நான்தான் கேட்டும் வரல."

சக்கீனா அழவில்லை. என்னைத் தாண்டி முடுக்கைப் பார்க்கவில்லை. தன் காலடியில், தனக்குப் பக்கத்தில், வெறும் தரையைப் பார்த்தாள்.

காற்றே இல்லாத அந்த நடையில், அவளுடைய துப்பட்டியின் ஓரம் மட்டும் இடுப்புயரத்தில், யாரோ பிடித்துக்கொண்டது போல இழுபட்டு நின்றது.